பழைய அரசுக் கட்டடத்தின் உட்புறம்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

சென்னையிலும் தமிழகத்தின் மாவட்டத் தலைநகரங்களிலும் 1760-களிலிருந்து 1910-கள் வரை எழுந்த சுண்ணாம்புக் கட்டடங்களுக்காக இது எழுதப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை (1768), செனட் ஹவுஸ் (1879), உயர் நீதிமன்றம் (1892), ரிப்பன் மாளிகை (1913) ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. பெயர் தெரியாத பழைய தாலுகா கச்சேரியும் பெரும்பாலும் இதே வேலைதான்: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த செங்கல் சுவர், பர்மாத் தேக்குச் சட்டங்களின் மேல் மெட்ராஸ் டெரஸ் என்ற செங்கல்–சுண்ணாம்புத் தளம், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. 1930-க்குப் பிறகு வந்த ஆர்.சி.சி. கட்டடத்துக்கு இதில் பாதி பொருந்தாது.

இந்தக் கட்டடங்களின் உட்புறத்தில் கண்ணில் படும் பழுதுகளில் பாதிக்குமேல் கட்டடத்தின் வயதால் வந்தவை அல்ல. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் யாரோ செய்த ரிப்பேரால் வந்தவை. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இங்கே கடைசியாக என்ன பூசினார்கள், எதை அடைத்தார்கள், எதை மாட்டினார்கள்? பிரிவு அலுவலகத்தில் பழைய அளவுப் புத்தகங்கள் (செய்த வேலையை அளந்து எழுதிய பதிவேடுகள்) இருந்தால் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கும் அலுவலக உதவியாளரைக் கேளுங்கள். எந்த மழையில் எந்த மூலை ஒழுகியது என்று அவருக்குத் தெரியும்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: மர ஈரமானி, 200 கிராம் சுத்தியல், கூரான குத்தூசி, நூல்கண்டு, நல்ல டார்ச், ஒரு சதுர அடி பாலித்தீன் தாள்கள், ஒட்டுநாடா, சிறு பாட்டிலில் பினாப்தலீன், இன்னொன்றில் சில்வர் நைட்ரேட் கரைசல்.

அறிகுறி: சுவரின் அடிப்பகுதியில் பூச்சு பொரிந்து உதிர்கிறது, வெள்ளைத் தூள் படிகிறது

தரையிலிருந்து ஒரு மீட்டர், சில இடங்களில் இரண்டு மீட்டர் உயரம் வரை பூச்சு பொருக்குத் தட்டி, தொட்டால் மாவாக வரும். கடற்கரையை ஒட்டிய சேப்பாக்கம் பக்கக் கட்டடங்களில் இது ஏறக்குறைய தவறாமல் இருக்கும்.

இது ஓதமும் உப்பும் சேர்ந்து செய்யும் வேலை. நிலத்து ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும்போது உப்பையும் தூக்கி வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிப் படிகமாகிறது. சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், அதற்குக் கீழே போனால் மறுபடி படிகமாகும். சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் அந்தக் கோட்டைத் தாண்டுவதும் பிற்பகலில் இறங்குவதும் பல மாதங்கள் அன்றாடம் நடப்பது. ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் பூச்சின் நுண்துளைகள் உள்ளிருந்து உடைகின்றன. பல ஆண்டு சும்மா இருந்த சுவர், அறைக்கு ஏ.சி. போட்ட இரண்டாம் வருடம் உதிரத் தொடங்குவதற்கும் இதுவே காரணம். ஏ.சி. அறைக் காற்றைக் காயவைத்து, சுவருக்குள் கரைந்து கிடந்த உப்பை மேற்பரப்புக்கு இழுத்துவிடுகிறது.

உறுதிசெய்ய, உதிர்ந்த தூளை ஒரு தேக்கரண்டி எடுத்து வாலைவடிநீரில் கலக்கி வடிகட்டுங்கள். இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுச் சில்வர் நைட்ரேட் சேர்த்தால் தயிர்போல் வெண்படிவு இறங்கும். இறங்கினால் குளோரைடு. பேரியம் குளோரைடில் வெண்படிவு வந்தால் சல்பேட், அது பெரும்பாலும் முன்பு பூசிய சிமெண்ட்டிலிருந்து வந்திருக்கும்.

சரிசெய்வது வெளியிலிருந்து தொடங்க வேண்டும். சாலையும் முற்றமும் ஒவ்வொரு முறை தார், பேவர் பிளாக் போடும்போதும் உயர்ந்து, ஒரு காலத்தில் மூன்றடி தெரிந்த அடித்தளம் இப்போது அரையடிதான் தெரியும். சுவரை ஒட்டிய பேவர் பிளாக்கை 60 செ.மீ. அகலத்துக்கு எடுத்து, 30 செ.மீ. அகலத்தில் பழைய மட்டம் வரை தோண்டி ஜல்லி நிரப்பி, அதன் அடியில் துளையுள்ள குழாய் வைத்து மழைநீர் வடிகாலுக்கு வாட்டம் கொடுங்கள். ஆனால் அடிவாரக் கற்களுக்குக் கீழே தோண்டிவிடாதீர்கள். சுவரோரம் வந்து விழும் ஏ.சி. வடிநீர்க் குழாய், ஆர்.ஓ. கழிவுநீர்க் குழாய், கசியும் கழிவறை எல்லாவற்றையும் தள்ளிக் கொண்டுபோங்கள். இவற்றைச் செய்யாமல் உள்ளே தொட்டால் பணம் தண்டம்.

பிறகுதான் உள்ளே வேலை. உப்புக்கோடு தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் 50 செ.மீ. வரை சிமெண்ட் பூச்சை முழுக்க வெட்டி எடுங்கள். டிரில் சுத்தியல் வேண்டாம், கையுளி போதும். மூட்டுகளை 15 முதல் 20 மி.மீ. ஆழம் சுரண்டி, காய்ந்த தென்னந்துடைப்பத்தால் பெருக்குங்கள். விழும் தூளை அன்றன்றே மூட்டையில் கட்டி வெளியேற்ற வேண்டும். சுவரடியிலேயே விட்டால் அடுத்த முறை தரை கழுவும்போது உப்பு திரும்ப உள்ளே போகும். சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது.

உப்பை இழுக்க ஒத்தடம் கட்ட வேண்டும். கயோலின் களிமண் 1 பங்கு, காகிதக்கூழ் 1 பங்கு, கழுவிய நுண்மணல் 2 பங்கு, உப்பில்லாத நீர் தேவைக்கு. 20 மி.மீ. தடிமனில் அப்பி, தானாகக் காய்ந்து சுருங்கிப் பிரியும்வரை விடுங்கள். பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். எடுத்த ஒத்தடத்தை மேலே சொன்னபடி சோதியுங்கள். மூன்றாவது ஒத்தடத்தில் உப்பு வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் ஈரம் வரும் வழி இன்னும் அடைபடவில்லை என்று பொருள்.

சுவர் முழுதும் காயும்வரை காத்திருந்தால் வேலை முடியாது. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்ற கைக்கணக்கில் 450 மி.மீ. சுவருக்கு ஒன்றரை வருடம் ஆகும். ஒரு கோடையாவது திறந்து போடுங்கள். ஒப்பந்தத்தில் இந்த இடைவெளியை முன்கூட்டியே எழுதிக்கொள்ளாவிட்டால் மார்ச் மாத பில்லுக்காக ஈரச் சுவரில் பூசச் சொல்வார்கள்.

மறுபூச்சு சுண்ணாம்புக் கூழ் 1, கூர்மணல் 2, செங்கல் தூள் 1 என்ற கணக்கில், இரண்டு படியாக 20 மி.மீ. இந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு தான் உதிர்வதற்கென்றே போடுவது. சில ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றும் ஓதத்தடுப்பு முறையை விற்பனையாளர்கள் உறுதியாகச் சொல்வார்கள். நடுவில் உடைகல்லும் சாந்தும் நிரப்பிய தடித்த சுவரில் அது ஒரே சீராகப் பரவாது. நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நீர்க்காப்புப் பெயிண்ட், டைல்ஸ் ஒட்டுதல், பிளைவுட் பலகை அடித்து மறைத்தல் மூன்றும் ஈரத்தை இன்னும் மேலே ஏற்றிவிடும்.

அறிகுறி: ஈரம் அடியில் இல்லை, நடுச்சுவரிலோ மேலேயோ திட்டுத் திட்டாக இருக்கிறது

பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் காற்றிலிருந்து படியும் ஈரம். சுவர்ப்பக்கத்தில் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது.

காற்றிலிருந்து படிவதற்குப் பழி ஏ.சி. மேல்தான். புழுக்கமான மாதங்களில் சென்னைக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அறையை 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் அடுத்த பக்கத்து வராந்தாச் சுவரும், அறைக்கு மேலுள்ள தளமும் வியர்க்கத் தொடங்கும். வெப்பநிலையை 25-க்கு உயர்த்தினாலே பாதித் திட்டுகள் தானாகக் காயும். மீதி, அடைத்து வைத்த வென்டிலேட்டரைத் திறந்தால் போகும். உயரமான மச்சும் (தளத்தின் அடிப்பக்கம்) அதற்குக் கீழே வென்டிலேட்டரும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. பொய்க்கூரை போட்டு அவற்றை மறைத்திருந்தால், ஒரு பலகையைக் கழற்றி மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சணமும் எலிப்புழுக்கையும் ஒழுகல் கறையும் அங்கேதான் இருக்கும்.

உள்ளிருந்து வருகிறது என்றால் மழைநீர் இறங்குகுழாயைப் பின்தொடருங்கள். சுவருக்குள் புதைத்த பழைய வார்ப்பிரும்புக் குழாய் வெடித்திருக்கலாம். பைப்பை வெளியே கொண்டுவந்து, சுவரிலிருந்து 25 மி.மீ. விலகும்படி கிளாம்பு அடியுங்கள்.

அறிகுறி: மச்சில் சட்டத்தை ஒட்டிக் கோடு கோடாகக் கறை, செங்கல் பிசிறு உதிர்கிறது

மெட்ராஸ் டெரஸின் அடுக்கு தெரிந்தால்தான் இதைப் படிக்க முடியும். கீழே தேக்குச் சட்டங்கள், ஒன்றுக்கொன்று 30 முதல் 45 செ.மீ. இடைவெளி. அதன்மேல் 15 × 7.5 × 2.5 செ.மீ. அளவுள்ள மெல்லிய டெரஸ் செங்கல், சட்டத்துக்கு 45 டிகிரி சாய்வாக, குத்துவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டியபடி. அடியில் பலகை அடிக்காமலே இந்தச் செங்கல் வரிசை நிற்கும். அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட், 100 மி.மீ. போட்டுத் தட்டி 75 ஆக்கியது. எல்லாவற்றுக்கும் மேல் இரண்டு வரிசை தட்டோடு.

மேலே வெடிப்பு விழுந்தால் நீர் ஜல்லியில் இறங்கி, செங்கல் அடுக்கில் பரவி, சட்டத்தின் ஓரமாகத்தான் வெளியே தெரியும். எனவே கீழே கறை உள்ள இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. வாட்டத்தின் மேல்பக்கமாக இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, நீர்வாய், கொடிக்கம்பம், கைபேசிக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி முதலியவற்றின் அடி. வேர் விட்ட அரசங்கன்று இருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். தண்டை அறுத்து, வெட்டுமுகத்தில் களைக்கொல்லி தடவி, காய்ந்த பிறகு எடுங்கள்.

பல கட்டடங்களில் தளம் ஒழுகும்போதெல்லாம் மேலே இன்னொரு படலம் போட்டிருப்பார்கள். தட்டோட்டின் மேல் சிமெண்ட், அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் மறுபடி தட்டோடு. ஒரு மூலையில் 30 செ.மீ. சதுரத்துக்கு வெட்டிப் பார்த்து மொத்தத் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 150 மி.மீ.க்கு மேல் போனால் பாரம் பிரச்சினையாகிவிட்டது, ஒட்டுப்போடும் கட்டம் தாண்டிவிட்டது.

முழு வேலை என்றால் ஒரு பகுதியாக மட்டும் திறக்க வேண்டும். மூன்று சட்டத்துக்கு மேல் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள், சட்டங்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் செங்கல் அடுக்கால்தான். ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது. மே வெயிலில் சுண்ணாம்பு வறண்டு தூளாகும், அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும்.

ஜல்லி 20 மி.மீ.க்கு மிகாத, நன்கு வெந்த செங்கல் உடைசல். முந்தின நாளே ஊற வைக்க வேண்டும். ஜல்லி 2 பங்குக்குச் சுண்ணாம்புச் சாந்து 1 பங்கு. சாந்து என்பது நீர்த்த சுண்ணாம்பு 1, மணல் 1, செங்கல் தூள் 1, அரைவைத் தொட்டியில் அரைத்தது. தெளிக்கும் நீருக்கு 100 லிட்டரில் வெல்லம் 3 கிலோ, நசுக்கிய கடுக்காய் 1.5 கிலோ என்று தொடங்கிச் சோதனைத் துண்டு போட்டுப் பாருங்கள். கடுக்காயை நான்கைந்து நாள் ஊறவைத்து வடிகட்டி, வேலையன்று வெல்லத்தைக் கரைக்க வேண்டும். வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும்.

கொட்டிய ஜல்லியைக் கட்டையால் தட்டுவதுதான் இந்தத் தளத்தின் உயிர். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, நீர் தெளித்துக்கொண்டே ஒரு வாரம் தட்ட வேண்டும். கட்டை தெறித்துத் திரும்பி, கணீரென்று ஒலித்து, மேலே பால் போன்ற சுண்ணாம்புச் சாறு ஊறி நின்றால் போதும். ஆள் குறைத்து, அதிர்வுப் பலகை வைத்து ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கீழே ஒட்டியிருக்கும் செங்கல் அடுக்கு உதிரும். வாட்டம் 60-க்கு 1. தட்டோடு பதிக்கும்போது புதுக் கட்டடங்களுக்குப் போடும் சிமெண்ட்–க்ரூட் ஆயில் கலவையை இங்கே கொண்டுவர வேண்டாம். அது கெட்டியாகி, அடியில் நெகிழ்ந்து நிற்கும் தளத்திலிருந்து பிரிந்து மயிரிழை வெடிப்பு விடும். ஒழுகலின் அடுத்த சுற்று அங்கிருந்து தொடங்கும்.

கீழே உதிரும் செங்கலுக்கு அடியிலிருந்து சிமெண்ட் பூசி மறைப்பது ஆபத்து. ஓட்டை அடைபடாமல் மேலே நீர் தேங்கி, ஒருநாள் பாளமாக விழும்.

அறிகுறி: மாடித் தளம் தொய்ந்திருக்கிறது, நடந்தால் ஆடுகிறது

சட்டத்தின் இரு முனையிலும் நூல் கட்டி நடுவில் அளந்து பாருங்கள். தேக்கு நூறாண்டில் சற்றுத் தொய்வது இயல்பு. தொய்வு மொத்த நீளத்தில் 250-ல் ஒரு பங்கைத் தாண்டினாலோ, மாதாமாதம் கூடினாலோ பொறியாளரின் கணக்கு தேவை.

அதற்கு முன் அங்கே அடுக்கியிருக்கும் கோப்புகளின் பாரத்தைப் பாருங்கள். ஆவண அறைக்கு இந்தியத் தரநிலை 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ. சாதாரண அலுவலக அறை ஒன்றுக்கு 250-லிருந்து 400. பழைய உட்காரும் கூடத்தை ஆவண அறையாக்கி, ஸ்டீல் பீரோக்களை நடுவில் முதுகோடு முதுகு சேர்த்து அடுக்கியிருப்பார்கள். அவற்றைச் சுவரோரத்துக்கு, சட்டங்களுக்குக் குறுக்காகப் போகும்படி மாற்றினாலே ஆட்டம் குறையும். தரைத்தளத்துக்கு மாற்ற முடிந்தால் மிக நல்லது, கரையான் தடுப்பு செய்துவிட்டு.

அடுத்தது சட்டத்தின் நுனி. சுவருக்குள் புதைந்த 15, 20 செ.மீ. பகுதிதான் முதலில் மக்கும், நடுப்பகுதி கல்போல் இருக்கும். சுவரோரம் குத்தூசியால் குத்துங்கள். வைரம் பாய்ந்த கட்டையில் ஊசி 2 மி.மீ.க்கு மேல் போகாது. விரல்நீளம் போனால் உள்ளே ஒன்றும் இல்லை. ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மக்கல் தொடர்கிறது.

நுனி மட்டும் போயிருந்தால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டாம். இருபுறமும் கீழே முட்டுக் கொடுத்து, மக்கியதை அறுத்து, நல்ல பகுதியில் சாய்வெட்டு இணைப்புப் போட்டு, பழைய தேக்கிலேயே புது நுனி சேருங்கள். இருபக்கமும் 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகடும் போல்ட்டும். புது நுனியைக் கருங்கல் துண்டின் மேல் உட்கார வைத்து, சுற்றிலும் 10 முதல் 15 மி.மீ. காற்றிடைவெளி விடுங்கள். சிமெண்ட் வைத்து இறுக்கி அடைக்கும் கொத்தனாரை அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.

அறிகுறி: வளைவு மச்சில், இரும்பு விட்டத்தின் ஓரமாக நேர்கோட்டில் வெடிப்பும் துருக்கறையும்

1880-களுக்குப் பிந்தைய கட்டடங்களில் இரும்பு விட்டங்களுக்கு இடையே சிறு செங்கல் வளைவுகள் இருக்கும். துரு இரும்பின் கனஅளவைவிடப் பல மடங்கு பெருத்து, ஒட்டிய பூச்சைத் தள்ளுகிறது. பூச்சை நீக்கிக் கம்பித்தூரிகையால் சுரண்டி, மீதமுள்ள தடிமனைக் காலிப்பரில் அளந்து எழுதுங்கள். அடிப்பட்டை கால்பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் கணக்குப் போடாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். தேயவில்லை என்றால் துத்தநாகப் பிரைமர் இரண்டு கை, பிறகு சுண்ணாம்புப் பூச்சு. ஈரம் மேலே நிற்காதவரை இது நெடுநாள் நிற்கும்.

அறிகுறி: மண்கோடு, மரத்தில் பொடி

கரையான் மண்கோடு தரையிலிருந்து வரும். மரத்தூள் மட்டும் குவிந்து, ஊசித்துளைகள் தெரிந்தால் வண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் குழப்பிக்கொள்ளாதீர்கள். தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. வெள்ளைக்கட்டை (வைரத்துக்கு வெளியே உள்ள மென்மரம்), மாற்றுமரத்தில் செய்த ரிப்பேர்ச் சட்டம், புதுப் பிளைவுட் தடுப்பு இவற்றின் வழியாகத்தான் ஏறும்.

கரையானுக்கு, சுவரும் தரையும் சேரும் கோட்டில் 30 செ.மீ.க்கு ஒரு துளை, 12 மி.மீ. விட்டம், துளைக்கு ஒரு லிட்டர் மருந்துக் கரைசல். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 2.1 மி.லி. கதவுநிலையும் சுவரும் சேரும் இடத்தில் 6 மி.மீ. துளை, 45 டிகிரி கீழ்நோக்கி, 15 செ.மீ.க்கு ஒன்று. உரிமம் பெற்றவர் மட்டும் செய்ய வேண்டும். பழைய பூவேலைத் தரையில் துளை போடாதீர்கள், வெளிப்பக்க அடிவாரத்திலிருந்து ஏற்றுங்கள்.

அறிகுறி: பளிங்குபோல் இருந்த சுண்ணாம்புப் பூச்சு மங்கியது, தட்டினால் டொக்கென்று கேட்கிறது

பழைய கூடங்களின் தூண்களிலும் சுவர்களிலும் இருக்கும் மெருகுப் பூச்சை இடித்துப் புதிதாகப் பூசுவது கடைசி வழி. தட்டிப் பார்த்து, வெற்றொலி வரும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். உள்ளங்கை அளவைவிடச் சிறியதைத் தொட வேண்டாம்.

பெரியதற்குச் சாந்து ஏற்ற வேண்டும். இருக்கும் வெடிப்பின் ஓரத்திலேயே 3 மி.மீ. துளைகள், 15 செ.மீ.க்கு ஒன்று. ஊதுபந்தால் தூசி எடுத்து, நீரும் எத்தனாலும் சரிபாதி கலந்து ஊசிக்குழலில் நனையுங்கள். பிறகு நைலான் துணியில் சலித்த சுண்ணாம்புக் கூழும் நுண் செங்கல் தூளும் சரிபாதி, மோர்ப் பதத்தில். அடித்துளையிலிருந்து தொடங்கி, மேல்துளையில் எட்டிப்பார்க்கும்வரை ஏற்றி, அடைத்து, பஞ்சு வைத்த பலகையால் மூன்று நாள் முட்டுக் கொடுங்கள். பெவிக்கால் வகைப் பசை வேண்டவே வேண்டாம், ஈரத்தில் மஞ்சளாகி ஊதும்.

விழுந்துபோன இடத்துக்கு மூன்று கை பூச வேண்டும். முதல் கை சுண்ணாம்பு 1, மணல் 1.5, 12 மி.மீ. இரண்டாம் கை சலித்த சுண்ணாம்பு 1, நுண்ணிய வெண்மணல் 1, 6 மி.மீ. மூன்றாவது கிளிஞ்சல் சுண்ணாம்பு 4, வெண்கல் மாவு 1, அம்மியில் வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைத்தது, 2 முதல் 3 மி.மீ. பத்துச் சதுர மீட்டருக்கு 30 லிட்டர் எடுத்துவையுங்கள். பழைய மதராஸ் செய்முறைப்படி அந்த அளவுக்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு, அரை லிட்டர் புளித்த தயிர், சிறிது நெய், ஒரு கைப்பிடி மாக்கல் தூள். நெய் கூடினால் மஞ்சள் திட்டு விழும்.

இரண்டாம் கை ஈரம் இருக்கும்போதே மூன்றாவதைப் போட வேண்டும், காய்ந்துவிட்டால் ஒட்டாது. கரண்டியால் தேய்த்து, நீர் இழுத்ததும் வழவழப்பான கல்லால் மெருகு ஏற்றுங்கள். மெல்லிய துணிமூட்டையில் மாக்கல் தூள் கட்டித் தூவிக்கொண்டே தேய்க்கலாம். அடுத்த சில நாள் பூச்சு வியர்க்கும், காலையும் மாலையும் மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதை மறந்தால் வியர்வை காய்ந்த இடம் புகைமூட்டமாக நிற்கும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

இரண்டு மூன்று வாரம் கழித்து அம்மைத் தழும்புபோல் குழிகள் தெறித்தால், நீர்க்காத சுண்ணாம்புக் கட்டி உள்ளே இருந்திருக்கிறது. சுண்ணாம்பைக் குறைந்தது ஒரு மாதம் நீருக்கடியில் வைத்துச் சலிக்காததன் பலன். சிலந்திவலை வெடிப்பு என்றால் மின்விசிறியோ ஏ.சி.யோ ஓடியிருக்கும். பூசிய அறையில் நான்கு வாரம் இரண்டையும் ஓடவிடாதீர்கள், சுவிட்சில் பியூஸ் பிடுங்கிவிடுவதே உத்தமம். மறு கைக்குப் போகலாமா என்ற சந்தேகத்துக்கு முதல் கையில் சிறு துண்டு உடைத்து பினாப்தலீன் விடுங்கள். உள்வரை அடர் இளஞ்சிவப்பு என்றால் காற்று இன்னும் ஏறவில்லை, பொறுங்கள்.

அறிகுறி: எமல்ஷன் பெயிண்ட் தோலாக உரிகிறது

சுண்ணாம்புச் சுவர்மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்ததன் விளைவு. உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் படலத்தைத் தள்ளுகிறது. நீராவிக் கருவியும் அகலக் கரண்டியும் கொண்டு எடுங்கள். மணல்வீச்சு, கிரைண்டர் இரண்டும் அடிப்பூச்சைத் தின்றுவிடும். பழைய எண்ணெய்ப் பெயிண்ட் படலங்களில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 90 பி.பி.எம். வரம்பு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த உப்புத்தாள் தேய்ப்பும் சூட்டுத்துப்பாக்கியும் கூடாது. அறையைத் தாளால் மூடி, முகமூடியோடு, ஈரத்தில் சுரண்டுங்கள்.

எடுப்பதற்கு முன் சன்னல் ஓரம், தூணின் மறைவான பக்கம் என மூன்று இடங்களில் படலம் படலமாக 2 செ.மீ. படிக்கட்டு சுரண்டி, பகல்வெளிச்சத்தில் நிறங்களைப் படம் எடுத்து வையுங்கள். எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது என்ற எண்ணம் அடிக்கடி தப்பாகிவிடும். காவி, பச்சை, வெளிர்நீலம் எல்லாம் அடியில் கிடைக்கும்.

மறுபடி அடிக்கச் சுண்ணாம்பு நீர், பால் பதத்தில், ஐந்து மெல்லிய கை, கைக்கு ஒரு நாள். வஜ்ஜிரப் பசை சிறிது சேர்த்தால் துணியில் ஒட்டாது.

அறிகுறி: தரை ஓடு எழும்புகிறது, மங்குகிறது

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் மிண்டன் ஓடுகளோ கடப்பாக்கல்லோ எதுவானாலும் ஆசிட் ஊற்றிக் கழுவுவதை முதலில் நிறுத்துங்கள். அது அடியில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து, ஓடுகளைத் தூக்குகிறது. நடுநிலைச் சோப்பும் மென்தூரிகையும் போதும். தூக்கிய ஓட்டை எண் எழுதி எடுத்து, சுண்ணாம்புச் சாந்திலேயே பதியுங்கள். மேலே எபாக்ஸி சீலர் அடித்தால் அடியீரம் வெண்படலமாகத் தேங்கும்.

அறிகுறி: கதவும் லூவர் சன்னலும் சிக்குகின்றன

நவம்பரில் இழைக்காதீர்கள், பிப்ரவரியில் இடைவெளி விழும். முதலில் கீலை, பிறகு மேல்நிலை இறங்கியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். பித்தளைக் கீலின் முள் தேய்ந்திருந்தால் அதை மட்டும் கடைசலில் மாற்றலாம். லூவர் பட்டை ஆடாமல் இருந்தால் அநேகமாகப் பெயிண்ட் ஏறி ஒட்டியிருக்கும், மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அறிகுறி: தீப்பட்ட அறை

2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் பிடித்த தீ, தேக்குச் சட்டங்கள் எரிந்தால் மெட்ராஸ் டெரஸ் எப்படி மொத்தமாகச் சரியும் என்பதைக் காட்டியது. அந்த மகால் மீட்கப்பட்டு இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது.

எரியாமல் நின்றுவிட்ட தளத்தின் மேலோ கீழோ முட்டுக் கொடுக்காமல் யாரும் போகக் கூடாது. தீயணைப்பு நீரை ஜல்லிப் படலம் உறிஞ்சிக் கனத்திருக்கும், நுனி கரிந்த சட்டம் சில நாள் கழித்துத்தான் விழும். சட்டத்தின் கரியைச் சுரண்டி, அதற்குள் இன்னும் 7 மி.மீ. கழித்துவிட்டு, மிச்சமுள்ள குறுக்களவைக் கணக்கில் எடுங்கள். பல சட்டங்கள் தப்பும். வளைந்த இரும்பு விட்டத்தை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள்.

புகைக்கரியை நீரில் கழுவினால் பூச்சுக்குள் இறங்கிவிடும். முதலில் தூசிக்கருவி, அடுத்து காய்ந்த ரப்பர் ஸ்பாஞ்சு, ஒரே திசையில், மேலிருந்து கீழாக. மீதிக் கறைக்குக் காகிதக்கூழ் ஒத்தடம். வெப்பத்தில் சிவந்த செங்கல் பெரும்பாலும் பிழைக்கும். பூச்சு மாவாகப் பொடிந்த இடத்தில் சுண்ணாம்பு சுட்டுப்போயிருக்கிறது, அதை வெட்டியே ஆக வேண்டும்.

மறுபடி மின்கம்பி இழுக்கும்போது பழைய மரக் கேசிங்குக்குள் புதுக் கம்பியைத் திணிக்காதீர்கள். கேசிங்கைக் காட்சிக்கு விட்டுவிட்டு, வராந்தா ஓரமாகத் தனிக் குழாயில், ஒவ்வொரு ஏ.சி.க்கும் தனிச் சுற்றாக, புகை குறைந்த கேபிளில் கொண்டுபோங்கள். சுவரைக் குடைந்து புதைப்பதற்குப் பதில் மூட்டுச் சாந்தில் மட்டும் திருகாணி அடித்து கிளாம்பு வையுங்கள், செங்கலிலும் மெருகுப் பூச்சிலும் வேண்டாம்.